எப்போது மாற்றுவது என்பதே தவறான கேள்வி

"எல்லாத்தையும் இங்கேயே மாத்திக்கிட்டுப் போயிடு. அங்கே போய் மாட்டிக்காதே." வெளிநாட்டுப் பயணம் என்று வாயெடுத்தால் போதும், இந்த அறிவுரை வந்து விழும். சிங்கப்பூர் போய் வந்த சித்தப்பா சொல்வார். டிக்கெட் போட்டுத் தரும் ஏஜென்ட் சொல்வார். இதுவரை பாஸ்போர்ட்டே எடுக்காத பக்கத்து வீட்டுக்காரரும் சொல்வார். யாரும் இதை எதிர்த்துப் பேசிக் கேட்டதில்லை. கணக்குப் போட்டுப் பார்க்காமலேயே ஊர் முழுக்க ஒப்புக்கொண்ட விஷயங்களில் இதுவும் ஒன்று.

அந்தத் தரப்பின் நியாயத்தை முதலில் முழுதாகச் சொல்லிவிடுகிறேன். தெரியாத ஊரில் நள்ளிரவில் இறங்கும்போது கையில் அந்த ஊர்ப் பணம் இருந்தால் தைரியம். நம் ஊர்க் கடைக்காரரோடு தமிழில் பேரம் பேசலாம். அங்கே அது முடியாது. அங்குள்ளவர்கள் வெளியூர்க்காரன் என்று தெரிந்தால் ஏமாற்றுவார்கள். கார்டு தேய்த்தால் வங்கி தனியாக ஒரு கட்டணம் பிடிக்கும். போகும் நாளுக்குள் ரூபாய் இன்னும் இறங்கிவிட்டால் நஷ்டம். குடிநுழைவு அதிகாரி பணத்தைக் காட்டு என்றால் காட்ட வேண்டும். இந்த ஆறு காரணங்களில் எதுவும் முட்டாள்தனம் அல்ல. ஒவ்வொன்றிலும் ஒரு துளி உண்மை இருக்கிறது. ஆனால் ஆறையும் கூட்டினாலும் 'எல்லாவற்றையும், இங்கேயே, கிளம்பும் முன்பே' என்ற முடிவு வராது.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் பாதி மர்மம் விலகும். எட்டு டாலரைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அமெரிக்காவுக்குப் படிக்கப் போன தலைமுறை ஒன்று நம்மிடம் உண்டு. 1973-இன் அந்நியச் செலாவணி ஒழுங்குமுறைச் சட்டம், ஃபெரா, டாலர் வைத்திருப்பவரைக் குற்றவாளியாகப் பார்த்தது. 1991-இல் நாடே தங்கத்தை இங்கிலாந்துக்கு அனுப்பி அடகு வைக்க வேண்டிய நிலை. அந்தக் காலத்தில் எல்லை தாண்டிய பிறகு ரூபாய்க்கு மதிப்பில்லை; கார்டு இல்லை; ஏடிஎம் இல்லை. கிடைப்பதை இங்கேயே வாங்கிக்கொள்வதுதான் ஒரே வழி. அன்று அது அறிவுரை அல்ல, விதி. 2000 ஜூனில் ஃபெரா போய் அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டம், ஃபெமா, வந்தது. 2004-இல் தனிநபர் பணம் அனுப்பும் திட்டம் 25,000 டாலரில் தொடங்கி, இன்று ஆண்டுக்கு 2,50,000 டாலர் வரை வந்துவிட்டது. சட்டம் மாறி கால் நூற்றாண்டு ஆகிறது. பழக்கம் மட்டும் அந்த எட்டு டாலரிலேயே நிற்கிறது.

இனி மறுப்புகள்.

1. கமிஷன் இல்லை என்றால் கடை வாடகையை யார் கட்டுகிறார்?

'ஜீரோ கமிஷன்' என்ற பலகையைப் பார்த்து மயங்காதவர் குறைவு. நாணய மாற்றுக் கடையின் வருமானம் கமிஷனில் இல்லை. விற்கும் விலைக்கும் வாங்கும் விலைக்கும் நடுவில் உள்ள இடைவெளியில் இருக்கிறது. சந்தையில் ஒரு டாலர் என்ன விலை என்பது கைபேசியில் நொடியில் தெரியும். கடைக்காரர் அதைவிட எவ்வளவு கூடுதலாகக் கேட்கிறார் என்பதுதான் நீங்கள் கொடுக்கும் கட்டணம். ரசீதில் அது தனி வரியாக வராது. அதனால்தான் இல்லை என்று நினைத்துக்கொள்கிறோம்.

அரசாங்கத்துக்கு இந்த ஏமாளித்தனம் கிடையாது. ஜிஎஸ்டி விதிகளில் 32-ஆம் விதியைப் பாருங்கள். நாணய மாற்றில் கடைக்காரர் ஈட்டியதாகக் கொள்ளும் மதிப்பு, ஒரு லட்சம் ரூபாய் வரை மாற்றினால் அந்தத் தொகையில் ஒரு விழுக்காடு. குறைந்தபட்சம் 250 ரூபாய். அந்த மதிப்பின் மேல் 18 விழுக்காடு வரி. கமிஷன் வாங்கினாயா இல்லையா என்ற கேள்வியே அங்கு எழுவதில்லை. லாபமில்லாமல் யாரும் பணம் மாற்றித் தரமாட்டார்கள் என்பது வரி போடுகிறவருக்குத் தெரிந்திருக்கிறது. பணத்தைக் கொடுக்கிற நமக்குத்தான் தெரியவில்லை.

2. எந்தச் சரக்கும் வரத்து அதிகமுள்ள இடத்தில்தான் மலிவு. நோட்டும் சரக்குதான்.

தோவாளையில் பூ வாங்குகிறவருக்கும் டில்லியில் அதே பூவை வாங்குகிறவருக்கும் விலை ஏன் வேறு என்று யாரும் கேட்பதில்லை. பணத்தாளுக்கும் அதே கணக்கு. சென்னைக் கடையில் தாய்லாந்து பாட் வேண்டும் என்றால், அந்தக் கடைக்காரர் அதை எங்கிருந்தோ வரவழைக்க வேண்டும். வாங்க ஆள் வரும்வரை பெட்டியில் பூட்டி வைத்திருக்க வேண்டும். அதுவரை முடங்கிய பணத்துக்கு வட்டி பார்க்க வேண்டும். வியட்நாம் டோங், இந்தோனேசிய ரூபியா என்றால் சுமை இன்னும் கூடும். அந்தச் சுமை முழுவதும் விலையில் ஏறும்.

பாங்காக்கில் நிலைமை தலைகீழ். உலகெங்கிலுமிருந்து வரும் சுற்றுலாப் பயணிகள் டாலரையும் யூரோவையும் கொண்டுவந்து கொட்டும் ஊர் அது. ராஜதம்ரி பகுதியில் நாணய மாற்றுக் கடைகள் ஒன்றையொன்று பார்த்தபடி நின்று போட்டி போடுகின்றன. சூப்பர் ரிச் போன்ற கடைகளின் விலைப்பலகையைப் பார்த்தால் இன்னொன்றும் புரியும்: நூறு டாலர் தாளுக்கு ஒரு விலை, சிறிய தாள்களுக்கு அதைவிடக் குறைந்த விலை. சில்லறையாக டாலர் வாங்கிப் போவது நல்லது என்று நினைப்பவர்கள் அங்கே போய்த்தான் விழிக்கிறார்கள்.

ஆகவே ரூபாயை நேரே பாட்டாக இங்கே மாற்றுவதைவிட, எல்லாக் கடையிலும் புழங்கும் டாலரை இங்கே வாங்கி, பாட் வழிந்தோடும் பாங்காக்கில் பாட்டாக மாற்றுவது பெரும்பாலும் மலிவு. இரண்டு முறை மாற்றினால் இரண்டு முறை நஷ்டம் என்பார்கள். இரண்டு சிறிய நஷ்டங்களின் கூட்டுத்தொகை ஒரு பெரிய நஷ்டத்தைவிடக் குறைவாக இருக்க முடியும். இது பொருளாதாரமே இல்லை, கூட்டல் கணக்கு.

3. எல்லாவற்றையும் மாற்றினால் மிச்சத்தை யார் வாங்குவார்?

செலவை யாரும் துல்லியமாகக் கணிப்பதில்லை. பயந்து கூடுதலாக மாற்றிக்கொண்டு போகிறவர் கையில் கூடுதலாகவே மிஞ்சும். அதை ஊர் திரும்பி விற்கப்போனால் அதே கடைக்காரர் இப்போது வாங்கும் விலையைச் சொல்வார். போகும்போது இடைவெளியின் ஒரு முனையில் அடிபட்டவர் வரும்போது மறுமுனையில் அடிபடுகிறார்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். எண்கள் உதாரணத்துக்குத்தான், உங்கள் கடை சொல்லும் விலையைப் போட்டு நீங்களே திருத்திக்கொள்ளலாம். தாய்லாந்து போகும் குடும்பம் இரண்டு லட்சம் ரூபாயை இங்கேயே பாட்டாக மாற்றுகிறது. சந்தை விலையைவிட ஐந்து விழுக்காடு கூடுதல் என்று வைத்துக்கொண்டால் கிளம்பும் முன்பே 10,000 ரூபாய் போயிற்று. கையிலிருப்பது 1,90,000 பெறுமானம். அதில் கால் பங்கு மிஞ்சி, திரும்பி வந்து ஐந்து விழுக்காடு குறைத்து விற்றால் இன்னொரு 2,375. மொத்தம் 12,375 ரூபாய். இதே குடும்பம் 80,000 ரூபாய்ச் செலவைக் கார்டில் செய்து, 3.5 விழுக்காடு கட்டணமும் அதன்மேல் ஜிஎஸ்டியும் கட்டினால் 3,304. மீதி 1,20,000-க்கு ஒன்றரை விழுக்காடு இடைவெளியில் டாலர் வாங்கினால் 1,800. பாங்காக்கில் அரை விழுக்காட்டில் மாற்றினால் சுமார் 600. மொத்தம் சுமார் 5,700 ரூபாய். கார்டுக் கட்டணம் என்று பூச்சாண்டி காட்டப்படும் அந்தக் கட்டணத்தையும் சேர்த்தே, பாதிக்கும் குறைவு. தேவைப்படாத டாலரை மாற்றாமலே திரும்பக் கொண்டு வரலாம் என்பது கூடுதல் லாபம்.

நாணயங்களின் கதை இன்னும் மோசம். மாற்றுக் கடைகள் காசு வாங்குவதில்லை. ஜப்பானின் 500 யென் நாணயம் ஒன்றே இருநூற்றைம்பது ரூபாய்க்கு மேல் பெறும். ஊர் வந்து சேர்ந்தால் அது குழந்தைகளுக்கு விளையாட்டுச் சாமான். அந்த நாட்டுக் காசையும் நோட்டையும் அந்த நாட்டை விட்டுக் கிளம்பும் முன் செலவழிக்கவோ மாற்றவோ வேண்டும். 'கிளம்பும் முன் மாற்று' என்ற வாசகம் பொருந்தும் ஒரே இடம் இதுதான். அதை நாம் தவறான விமான நிலையத்தில் பின்பற்றிக்கொண்டிருக்கிறோம்.

4. 'நோட்டு கையிலிருந்தால் பத்திரம்' என்பதைச் சட்டமே நம்பவில்லை.

ரிசர்வ் வங்கியின் விதி, சாதாரணமாக ஒரு பயணத்துக்கு 3,000 டாலர் வரைதான் பணத்தாளாகக் கொடுக்க அனுமதிக்கிறது. மீதி கார்டாகவோ வங்கி வழியாகவோதான். 50,000 ரூபாய்க்கு மேல் வெளிநாட்டுப் பணம் வாங்கினால் அந்த ரூபாயையும் ரொக்கமாகக் கொடுக்க முடியாது. காசோலை, கார்டு, வங்கிக் கணக்கு வழியாகத்தான் கொடுக்க வேண்டும். அதாவது 'எல்லாவற்றையும் ரொக்கமாக மாற்று' என்ற அறிவுரையை ஓரளவுக்கு மேல் பின்பற்றச் சட்டமே விடாது. விடுவதாகச் சொல்லும் கடை பில் தராது. பில் இல்லாமல் மாற்றுகிறவர் ஃபெமாவின் 13-ஆம் பிரிவில் மாட்டினால் சம்பந்தப்பட்ட தொகையின் மூன்று மடங்கு வரை அபராதம் விழக்கூடும். விலையில் மிச்சம் பிடித்த சில நூறு ரூபாய்க்கு அது கொடுக்க வேண்டிய விலையா?

மறு பக்கத்திலும் விதிகள் உண்டு. இலங்கைக்கு 20,000 இலங்கை ரூபாய்க்கு மேல் கொண்டு போகவும் கூடாது, கொண்டு வரவும் கூடாது. துனீசியா தன் தினாரை உள்ளே கொண்டு வருவதையே தடுக்கிறது. இங்கேயே மாற்றிக்கொண்டு போ என்பவர்கள் இந்த விதிகளைச் சொல்லிக் கேட்டதுண்டா?

பத்திரம் என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். கார்டு தொலைந்தால் ஒரு அழைப்பில் முடக்கலாம். இடுப்புப் பையில் வைத்த நோட்டு தொலைந்தால் தொலைந்ததுதான். திருடர்களுக்கு அந்நிய ஊர், சொந்த ஊர் என்ற பேதமில்லை. ஆனால் முழுப் பணமும் ஒரே பையில் இருக்கும் பயணியை அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

5. நோட்டுக்கும் காலாவதி உண்டு.

'மிச்சம் இருந்தால் என்ன, அடுத்த முறைக்கு ஆகும்' என்று பீரோவில் வைக்கிறவர்களுக்கு இது. பிரிட்டனின் காகித 20 பவுண்டு, 50 பவுண்டு தாள்கள் 2022 செப்டம்பர் 30-க்குப் பிறகு கடையில் செல்லாது. இங்கிலாந்து வங்கி மாற்றித் தரும். அதற்கு நீங்கள் லண்டன் வரை போக வேண்டும், அல்லது தபாலில் அனுப்பிக் காத்திருக்க வேண்டும். நமக்கு இதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. பணமதிப்பிழப்பு அறிவிக்கப்பட்ட 2016 நவம்பர் 8 இரவு, 'அடுத்த முறை ஊருக்குப் போகும்போது ஆகும்' என்று சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் வளைகுடாவிலும் தமிழர்கள் எடுத்து வைத்திருந்த 500, 1,000 ரூபாய்த் தாள்கள் என்ன ஆயின என்பது அவரவர் குடும்பங்களுக்குத் தெரியும்.

சட்டமும் பீரோவில் வைக்க விடாது. திரும்பி வந்த பின் 2,000 டாலர் மதிப்பு வரை வைத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் உள்ளதை 180 நாட்களுக்குள் ஒப்படைக்க வேண்டும்.

டாலருக்கு எந்த ஆபத்தும் இல்லை என்று நினைக்க வேண்டாம். பழைய டாலர் தாள் எந்த ஆண்டுடையதாயினும் செல்லும் என்கிறது அமெரிக்கா. ஆனால் அதை வாங்கும் ஜகார்த்தாக்காரர் அமெரிக்க அரசு இல்லை. 1996-க்கு முந்தைய சிறிய தலை போட்ட நூறு டாலர் தாள், மடிப்பு விழுந்தது, முத்திரை குத்தியது, பேனாவில் கிறுக்கியது என்றால் ஆசியாவின் பல கடைகளில் கையால் தள்ளிவிடுவார்கள். இங்கே டாலர் வாங்கும்போது ஒவ்வொரு தாளையும் வெளிச்சத்தில் பார்த்து, 2013 முதல் வரும் நீலப் பட்டை போட்டதாக, மடிப்பில்லாததாகக் கேட்டு வாங்குவது நாணயமாற்று விலையில் பத்துப் பைசா பேரம் பேசுவதைவிட முக்கியம்.

6. 'விலை ஏறிவிடும்' என்பது முன்யோசனை அல்ல, பந்தயம்.

2022-இன் தொடக்கத்தில் டாலர் வாங்கி வைத்தவர் அந்த ஆண்டு இறுதியில் லாபம் பார்த்தார் என்பது உண்மை. 74, 75 ரூபாயில் இருந்த டாலர் 82-ஐத் தாண்டியது. அதே ஆண்டு பிப்ரவரியில் கொழும்பு போவதற்காக இலங்கை ரூபாய் வாங்கி வைத்தவரை யாரும் நினைவுகூர்வதில்லை. டாலருக்கு 200 அளவில் பிடித்து வைக்கப்பட்டிருந்த இலங்கை ரூபாய், மார்ச் மாதம் விடுவிக்கப்பட்டதும் மே மாதத்துக்குள் 360 அளவுக்குச் சரிந்தது. கையிலிருந்த தாள்களின் டாலர் மதிப்பில் நாற்பது விழுக்காட்டுக்கு மேல் கரைந்துபோயிற்று. எகிப்து 2024 மார்ச் 6 அன்று ஒரே நாளில் தன் நாணயத்தை டாலருக்கு 31 பவுண்டு என்பதிலிருந்து 50 அளவுக்கு இறக்கியது. அன்று காலையில் கெய்ரோவில் பவுண்டு மாற்றியவருக்கும் மாலையில் மாற்றியவருக்கும் இடையில் இருந்தது புத்திசாலித்தனத்தின் வித்தியாசமா?

ரூபாய் இறங்கும் என்று அஞ்சுகிறவர் செய்ய வேண்டியது, இறங்காத பணத்துக்கு மாறுவது. பயணிகள் நம்பிப் போகும் சில நாடுகளின் நாணயங்கள் ரூபாயைவிட நிலையற்றவை. ஆகவே இந்த அச்சத்தை முழுக்க ஏற்றுக்கொண்டாலும் அது டாலர் வாங்கு என்றுதான் சொல்லும். போகிற நாட்டு நோட்டை வாங்கு என்று சொல்லாது. மேலும் மூன்று வாரத்தில் வரக்கூடிய ஏற்ற இறக்கம் பெரும்பாலும் கடைக்காரரின் இடைவெளியைவிடச் சிறியது. வரலாம், வராமலும் போகலாம் என்ற நஷ்டத்தைத் தவிர்க்க, நிச்சயமான நஷ்டத்தை வாங்கிக்கொள்வதற்குப் பெயர் எச்சரிக்கை இல்லை.

7. அங்குள்ளவர் ஏமாற்றுவார் என்பவர்கள் இங்குள்ளவரை எப்போது சோதித்தார்கள்?

பாலித் தீவின் சில சந்துக் கடைகளில் விலையைக் கூட்டி எழுதிவிட்டு எண்ணும்போது நோட்டை நழுவவிடும் வித்தை பிரசித்தம். அதை மறைக்கப் போவதில்லை. ஆனால் அதன் பாடம் 'சந்துக் கடையில் மாற்றாதே' என்பதுதான். 'அந்த நாட்டில் மாற்றாதே' என்பது அல்ல. உரிமம் பெற்ற கடை, விலைப்பலகை, ரசீது, நீங்களே எண்ணிப் பார்த்து எடுப்பது ஆகிய நான்கும் எந்த ஊரிலும் ஒரே பாதுகாப்பைத் தருகின்றன.

சிங்கப்பூரைப் பாருங்கள். அங்கே நாணய மாற்றுத் தொழிலைத் தலைமுறைகளாக நடத்தி வந்தவர்களில் பெரும்பங்கு தமிழ் முஸ்லிம்கள். சிராங்கூன் சாலையிலும் ராஃபிள்ஸ் பிளேஸ் பகுதியிலும் போட்டிக் கடைகள் அடுத்தடுத்து இருக்கின்றன. இந்திய ரூபாயும் அங்கே தாராளமாகப் புழங்குகிறது. காரணம், ஊருக்குப் போகிறவரும் வருகிறவரும் நாள்தோறும் இருக்கிறார்கள். தமிழில் பேரம் பேச முடியாது என்று சிங்கப்பூருக்குப் போகிறவரிடம் சொல்வது வேடிக்கை. இந்தியாவில் வசிப்பவர் 25,000 ரூபாய் வரை இந்தியப் பணத்தைச் சட்டப்படி எடுத்துப் போகலாம். அதை அங்கே மாற்றும் விலையையும் இங்கே சிங்கப்பூர் டாலர் வாங்கும் விலையையும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு முடிவெடுப்பதில் என்ன தடை?

இலங்கையின் கட்டுநாயக்க விமான நிலையத்தில் வருகைக் கூடத்தில் வங்கிகளின் கவுன்டர்கள் வரிசையாக இருக்கின்றன. ஒன்றின் விலை பிடிக்காவிட்டால் அடுத்ததற்கு நகரலாம். கிளம்பும்போது நம் ஊர் விமான நிலையத்தில் பாதுகாப்புச் சோதனை முடித்து உள்ளே போன பிறகு இருக்கும் ஒற்றைக் கவுன்டரில் அந்த வசதி இல்லை. திரும்பி வெளியே போக முடியாத வாடிக்கையாளரிடம் எந்த வியாபாரியும் விலை குறைக்கமாட்டார். ஆபத்து நாட்டில் இல்லை. போட்டி இல்லாத இடத்தில் இருக்கிறது.

8. கார்டுக் கட்டணம் பயமுறுத்தும் அளவுக்கு இல்லை. மறைந்திருக்கும் பொறி வேறு.

பல வங்கிகளின் கார்டுகளில் வெளிநாட்டுச் செலவுக்கு மூன்றரை விழுக்காடு வரை கூடுதல் பிடிக்கிறார்கள் என்பது சரி. அந்தக் கட்டணம் பில்லில் தெரிகிறது. நோட்டின் இடைவெளி தெரிவதில்லை. தெரிவதைக் கண்டு அஞ்சி, தெரியாததை மடியில் கட்டிக்கொள்வது எந்த ஊர்ச் சிக்கனம்?

கார்டின் உண்மையான பொறி இயந்திரத்தின் திரையில் வருகிறது. 'ரூபாயில் கட்டுகிறீர்களா, உள்ளூர்ப் பணத்திலா?' என்று கேட்கும். ரூபாயைத் தொட்டால் கடையின் பின்னாலுள்ள நிறுவனம் தன் இஷ்டத்துக்கு ஒரு விலை போடும். எப்போதும் உள்ளூர்ப் பணத்தையே தேர்ந்தெடுக்க வேண்டும். இரண்டாவது பொறி, டாலரில் நிரப்பிய ஃபாரெக்ஸ் கார்டைத் தாய்லாந்தில் தேய்ப்பது. டாலரிலிருந்து பாட்டுக்கு மாறும்போது மறுபடியும் கட்டணம் விழும். மூன்றாவது, ஏடிஎம்மில் சிறிது சிறிதாக எடுப்பது. தாய்லாந்தில் அந்நியக் கார்டுக்கு ஒவ்வொரு முறையும் 220 பாட் அல்லது அதற்கு மேல் பிடிப்பார்கள். ஆயிரம் பாட்டுக்கு ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கட்டணமாகப் போகும், இருபதாயிரத்துக்கு ஒரு விழுக்காட்டுக்குச் சற்று மேல்தான். இந்த மூன்றும் தெரிந்தவருக்குக் கார்டு எதிரி அல்ல.

பணத்தாளே செல்லாத இடங்களும் பெருகிவிட்டன. லண்டன் பேருந்துகள் 2014 ஜூலை முதல் ரொக்கம் வாங்குவதில்லை. சுவீடனில் ரொக்கம் ஏற்கமாட்டோம் என்று எழுதி வைத்த கடைகள் சாதாரணம். இலங்கையில் 2024 பிப்ரவரி முதல் நம் யுபிஐயை ஏற்கத் தொடங்கிவிட்டார்கள். ஸ்டாக்ஹோமில் கட்டுக்கட்டாகக் குரோனாவோடு நிற்கும் பயணியைவிட, ஒரு கார்டோடு நிற்பவர் சீக்கிரம் காபி குடிப்பார்.

9. அதிகாரி கேட்பது பணம் இருக்கிறதா என்று. எந்த நிறப் பணம் என்று அல்ல.

தாய்லாந்தில் வந்திறங்கி விசா பெறுவோரிடம் ஆளுக்கு 10,000 பாட், குடும்பத்துக்கு 20,000 பாட் என்று ஒரு விதி நெடுநாளாகச் சொல்லப்படுகிறது. அதே விதியில் 'அல்லது அதற்கு ஈடான வேறு நாணயம்' என்ற சொற்களும் உண்டு. டாலரைக் காட்டினாலும் போதும். அறிவுரை சொல்கிறவர்கள் விதியின் முதல் பாதியை மட்டும் படித்துவிட்டுப் பாட் வாங்கச் சொல்கிறார்கள்.

அந்த அறிவுரை சரியாகும் இடங்கள்

இருக்கின்றன, அவற்றை மறைத்து வாதாட விருப்பமில்லை. ரஷ்யாவில் 2022 மார்ச்சிலிருந்து நம் விசா, மாஸ்டர்கார்டு வேலை செய்வதில்லை. ஈரானிலும் அதே கதை. அங்கெல்லாம் பணத்தாள்தான் உயிர். வியப்பு என்னவென்றால், நம் ரிசர்வ் வங்கிக்கும் இது தெரியும். ஈரான், ரஷ்யா, காமன்வெல்த் (சிஐஎஸ்) அமைப்பிலுள்ள பழைய சோவியத் குடியரசுகள் ஆகியவற்றுக்குப் போகிறவர் முழுத் தொகையையும் பணத்தாளாகவே எடுக்கலாம். ஈராக், லிபியாவுக்கு 5,000 டாலர் வரை எடுக்கலாம் என்று விதியிலேயே பிரித்து வைத்திருக்கிறது. நாட்டுக்கு நாடு விடை மாறும் என்று விதியே சொல்லும்போது, எல்லா நாட்டுக்கும் ஒரே விடை சொல்லும் சித்தப்பாவை நாம் ஏன் நம்புகிறோம்?

முதல் இரவுக்கான பணமும் அப்படித்தான். நள்ளிரவில் இறங்கும் வயதான பெற்றோர், கைக்குழந்தையோடு போகிறவர், கார்டு பழக்கமில்லாதவர் ஆகியோர் டாக்சிக்கும் ஒரு வேளைச் சாப்பாட்டுக்கும் போகிற நாட்டுப் பணம் கொஞ்சம் இங்கேயே வாங்கிக்கொள்ளட்டும். கொஞ்சத்தின் மேல் ஐந்து விழுக்காடு போனாலும் அது நிம்மதிக்குக் கொடுக்கும் நியாயமான விலை. இரண்டு லட்சத்தின் மேல் கொடுத்தால் அது நிம்மதியின் விலை இல்லை.

பதிலாக என்ன?

'எப்போது மாற்றுவது' என்பதை விட்டுவிட்டு மூன்று கேள்விகள் கேட்டால் போதும். இந்த இரண்டு நாணயங்களும் எங்கே அதிகம் கைமாறுகின்றன? அந்த இடத்தில் எத்தனை கடைகள் போட்டி போடுகின்றன? செலவில் எவ்வளவு நிஜமாகவே ரொக்கமாகத் தேவை?

சிங்கப்பூர் என்றால் கார்டும் கொஞ்சம் ரூபாயும். தாய்லாந்து, வியட்நாம் என்றால் புதிய நூறு டாலர் தாள்கள் சிலவும் ஒரு கார்டும். ஐரோப்பா என்றால் இரண்டு வங்கிகளின் இரண்டு கார்டுகள், பெயருக்குச் சில யூரோ. இலங்கை என்றால் கட்டுநாயக்கவில் இறங்கியபின் மாற்றும் டாலர். ஈரான் என்றால் எல்லாமே டாலர் அல்லது யூரோ. ஒவ்வொன்றிலும் விடை வேறு, கேள்விகள் அதே மூன்று.

இதில் பெரிய தொகை மிச்சமாகுமா என்று கேட்கலாம். ஒரு குடும்பத்துக்கு ஆறாயிரம் ரூபாய் பெரிய தொகை இல்லை என்பவர்கள் இருக்கலாம். அவர்களிடம் ஒன்று மட்டும் கேட்கிறேன். விமான டிக்கெட்டில் ஐந்நூறு ரூபாய் குறைய மூன்று இரவு கண்விழித்து நான்கு இணையதளங்களை ஒப்பிடுகிறீர்கள். காய்கறிக் கடையில் கொத்தமல்லிக்கு வாதாடுகிறீர்கள். பயணத்தின் மொத்தச் செலவும் கடந்து போகும் அந்த ஒரு கவுன்டரில் மட்டும் விலை கேட்காமல் பணத்தை நீட்டுவது ஏன்? பலகையில் விற்கும் விலையும் வாங்கும் விலையும் பக்கத்துப் பக்கத்தில் எழுதியிருக்கின்றன. இரண்டையும் கழித்துப் பாருங்கள். அந்த வித்தியாசத்தைக் கண்ணால் பார்த்த பிறகும் 'எல்லாத்தையும் இங்கேயே மாத்திடு' என்று யாராவது சொன்னால், அவர் அறிவுரை சொல்கிறாரா, கடைக்காரருக்கு ஆள் பிடிக்கிறாரா என்று நீங்களே முடிவு செய்துகொள்ளலாம்.